பென்யமீன்: ஒரு பெயர், ஒரு கோத்திரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர்ப் பொருள் சொல்லும் பக்கங்கள் பெரும்பாலும் 'பென்யமீன் – வலது கரத்தின் மகன்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. தப்பில்லை, ஆனால் பாதிதான். பென்யமீன் வேதாகமத்தில் யாக்கோபுக்கும் ராகேலுக்கும் பிறந்த கடைக்குட்டி; இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களில் ஒன்று அவன் பெயரில்தான் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்குப் பிறந்த அன்றே இரண்டு பெயர்கள் விழுந்தன. தகப்பன் வைத்தது நிலைத்தது. தாய் வைத்ததும் அந்தக் கோத்திரத்தை விட்டுப் போகவில்லை என்பதுதான் என் வாசிப்பு. கேள்விகளை அந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன். பெயர்களின் எழுத்து, தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) உள்ளபடி.

பென்யமீன் என்ற சொல்லுக்கு நேர்ப் பொருள் என்ன?

எபிரேயத்தில் 'பென்' என்றால் மகன். 'யாமீன்' என்றால் வலது கை, வலப்பக்கம். சேர்த்தால் 'வலக்கையின் மகன்'.

வலது பக்கம் வேதத்தில் வெறும் பக்கம் அல்ல, மதிப்புக்குரிய இடம். சாலொமோன் ராஜா தன் தாய் பத்சேபாளுக்கு ஆசனம் போட்டது தன் வலதுபுறத்தில். யாக்கோபு கிழவனாகிப் பேரப்பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது, வலது கையை மூத்தவன் மனாசேயின் தலையில் வைக்காமல் இளையவன் எப்பிராயீமின் தலையில் வைத்தார் என்பதற்காகவே யோசேப்பு மனம் வருந்தித் தகப்பன் கையைப் பிடித்து மாற்றப் பார்த்தான். ஆகவே கடைக்குட்டிக்கு 'வலக்கையின் மகன்' என்று பெயர் வைத்தது சும்மா வாயில் வந்த பெயரல்ல.

'தெற்கின் மகன்' என்றும் சொல்கிறார்களே?

அதுவும் சரிதான். பழைய காலத்தில் திசை சொல்லும்போது கிழக்கைப் பார்த்து நின்று சொல்வார்கள். அப்படி நின்றால் வலப்பக்கம் தெற்கு. அதனால் எபிரேயத்தில் 'யாமீன்' தெற்கையும் குறிக்கும். நமக்கு இது புதிதல்ல. தட்சிணம் என்ற வடசொல்லுக்கும் வலம், தெற்கு என இரண்டு பொருளும் உண்டே, அதே கணக்கு. ஏமன் நாட்டின் பெயரும் இந்த வேரிலிருந்து வந்தது என்பதே பொதுவான கருத்து.

11-ம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி இந்தப் பொருளைத்தான் முதலில் எடுக்கிறார். யாக்கோபின் மற்றப் பிள்ளைகள் வடக்கே பதான் அராமில் பிறந்தவர்கள். இவன் மட்டும் கானானில் பிறந்தவன். அராமிலிருந்து பார்த்தால் கானான் தெற்கு. ஆகவே 'தெற்கின் மகன்'. அதே ராஷி இன்னொரு விளக்கமும் தருகிறார்: 'யாமீன்' என்பதை 'நாட்கள்' என்று எடுத்தால் 'முதிர்வயதில் பிறந்த மகன்'. சமாரியர் வைத்திருக்கும் ஐந்தாகமத்தில் (வேதத்தின் முதல் ஐந்து புத்தகங்களில்) பெயர் 'பென்யமீம்' என்று 'ம்' ஒலியில் முடிகிறது. அதற்கும் 'நாட்களின் மகன்' என்ற பொருளே பொருந்தும்.

கோத்திரம் குடியிருந்த இடத்தை வைத்துப் பார்க்கிற ஆய்வாளர்கள் இன்னும் எளிதாகச் சொல்வார்கள்: பெரிய எப்பிராயீம் கோத்திரத்துக்கு நேர் தெற்கே இருந்தவர்கள், ஆகவே தெற்கத்தியார். எனக்கு இதில் சண்டை எதுவும் தெரியவில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால், கதை சொல்பவர் இரண்டையும் காதில் வைத்துக்கொண்டுதான் சொல்லுவார்.

பெனொனி யார்?

அதே பிள்ளைதான். இது தாய் வைத்த பெயர்.

ஆதியாகமம் 35-ம் அதிகாரம். யாக்கோபின் குடும்பம் பெத்தேலை விட்டுப் புறப்பட்டு வழியில் இருக்கிறது. எப்பிராத்தாவுக்கு இன்னும் கொஞ்ச தூரம். ராகேலுக்குப் பிரசவ வேதனை கண்டு, கடும் பாடாகிவிடுகிறது. மருத்துவச்சி ஆறுதலாக, பயப்படாதே, இதுவும் ஆண்பிள்ளைதான் என்கிறாள். உயிர் பிரியும் நேரத்தில் ராகேல் பிள்ளைக்குப் 'பெனொனி' என்று பெயரிடுகிறாள்: 'என் துக்கத்தின் மகன்'. தகப்பன் அதை மாற்றிப் 'பென்யமீன்' என்கிறான். அவ்வளவுதான், இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. அடுத்த வசனத்தில் அடக்கம், அதற்கடுத்ததில் கல்லறைத் தூண்.

இதைக் கொஞ்சம் பின்னோக்கிப் படித்தால் கனம் கூடும். பிள்ளையில்லாத காலத்தில் ராகேல் யாக்கோபிடம், எனக்குப் பிள்ளை கொடும், இல்லாவிட்டால் சாகிறேன் என்று அழுதவள். பிள்ளை பெற்றே செத்தாள். முதல் மகனுக்கு யோசேப்பு என்று பெயர் வைத்தபோதே, இன்னொரு மகனையும் கர்த்தர் தருவார் என்று கேட்டுவைத்திருந்தாள். அந்த 'இன்னொரு மகன்' இவன்.

யாக்கோபு ஏன் பெயரை மாற்றினார்?

வசனம் காரணம் சொல்லவில்லை. பிள்ளை வாழ்நாள் முழுக்க, 'உன்னால்தான் அம்மா செத்தாள்' என்று சொல்லும் பெயரைச் சுமக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். பெரும்பாலான பிரசங்கங்களில் இதுதான் வரும், நியாயமும்தான்.

13-ம் நூற்றாண்டு யூத அறிஞர் ராம்பான் இன்னும் நுட்பமாகப் போகிறார். 'ஓன்' என்ற எபிரேயச் சொல்லுக்குத் துக்கம் என்றும் பொருள் உண்டு, பலம் என்றும் பொருள் உண்டு. ரூபனைப் பற்றி 'என் பெலனின் முதற்பலன்' என்று யாக்கோபு சொல்லும் இடத்தில் அந்தச் சொல்தான் வருகிறது. தாய் 'துக்கம்' என்ற பொருளில் வைத்தாள். தகப்பன் அதே பெயரை 'பலம்' என்று எடுத்துக்கொண்டு, பலத்துக்கு அடையாளமான வலக்கையைக் கொண்டு மறுபடி சொன்னான். அதாவது மனைவி வைத்த பெயரை அவன் அழிக்கவில்லை, நல்ல பக்கமாகத் திருப்பிச் சொன்னான் என்கிறார். எனக்குப் பிடித்த விளக்கம் இது.

ஒன்றைக் கவனியுங்கள். யாக்கோபின் மற்றப் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் கதைகளில் லேயாளும் ராகேலும்தான் பேசுகிறார்கள். தகப்பன் பெயர் வைத்ததாகத் தெளிவாக வருவது இந்த ஒரு பிள்ளைக்குத்தான்.

ஆதியாகமம் 35:26-ல் எல்லா மகன்களும் பதான் அராமில் பிறந்தார்கள் என்று இருக்கிறதே? முரணா?

அது பட்டியலின் முடிவுரை. பன்னிரண்டில் பதினொருவர் அங்கே பிறந்ததால் மொத்தமாக அப்படிச் சொல்லிவிட்டார்கள் என்பது வழக்கமான பதில். எட்டு வசனத்துக்கு முன்னால்தான் பென்யமீன் வழியில் பிறந்த கதை இருக்கிறது. எழுதியவர் அதற்குள் மறந்திருப்பார் என்று எண்ண வேண்டியதில்லை.

யோசேப்பின் கதையில் பென்யமீனின் பங்கு என்ன?

பேசாத பங்கு. ஆதியாகமம் முழுவதும் தேடினாலும் பென்யமீன் வாயைத் திறந்து சொன்னதாக ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. ஆனால் கதை முழுக்க அவனைச் சுற்றித்தான் ஓடுகிறது. யாக்கோபு அவனை எகிப்துக்கு அனுப்ப மறுக்கிறார். சகோதரர்களால் விற்கப்பட்டு அங்கே அதிபதியாகிவிட்ட யோசேப்பு, அவனைக் கொண்டுவந்தால்தான் ஆச்சு என்கிறான். பந்தியில் மற்றவர்களைப் போல ஐந்து மடங்கு பங்கு அவனுக்கு. கடைசியில் வெள்ளிப் பாத்திரம் அவன் சாக்கில் அகப்படுகிறது.

முக்கியமானது அதற்குப் பிறகு நடப்பது. யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா முன்னால் வந்து, இந்தப் பையனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்கிறான். வேதாகமத்தில் வரும் நீண்ட பேச்சுகளில் மனத்தை உருக்கும் ஒன்று அது. பல நூற்றாண்டுகள் கழித்து ராஜ்யம் இரண்டாக உடைந்தபோது, யூதா கோத்திரத்தோடு நின்றது பென்யமீன். அந்தப் பிணையைப் பழைய வாசகர்கள் நினைத்துப் பார்க்காமல் இருந்திருப்பார்களா?

'பையன்' என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எகிப்துக்குப் போன குடும்பப் பட்டியலில் பென்யமீனுக்கே பத்து மகன்கள் இருக்கிறார்கள்.

பென்யமீனை ஏன் ஓநாய் என்கிறார்கள்?

ஆதியாகமம் 49:27. சாகும் முன் யாக்கோபு ஒவ்வொரு மகனுக்கும் ஒரு வாக்கு சொல்கிறார். யூதா சிங்கக்குட்டி, நப்தலி பெண்மான், பென்யமீன் பீறுகிற ஓநாய்: காலையில் இரையைத் தின்பான், மாலையில் கொள்ளையைப் பங்கிடுவான். பொத்திப் பொத்தி வளர்த்த செல்லப்பிள்ளைக்கு இப்படி ஒரு வாக்கு! ஆனால் இந்தக் கோத்திரத்தின் பிற்காலத்தைப் படித்தவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது. போர்க்குணம் அவர்கள் அடையாளம்.

யூத விளக்கத்தில் காலை என்பது இஸ்ரவேலின் விடியற்காலமான சவுல் ராஜாவின் நாள்; மாலை என்பது சிறையிருப்புக் காலத்தில், யூதரை அழிக்கப் பார்த்த ஆமானின் சொத்து மொர்தெகாய், எஸ்தர் கைக்கு வந்த நாள். கிறிஸ்தவ மரபில் 3-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தெர்த்துல்லியன் இதை அப்போஸ்தலன் பவுலுக்குப் பொருத்திச் சொன்னார்: காலையில் சபையைக் கிழித்த ஓநாய், மாலையில் ஆடுகளுக்கு உணவு பங்கிட்டது. அழகான வாசிப்புதான். ஆனால் யாக்கோபின் மனத்தில் பவுல் இருந்தார் என்று சாதிக்க நான் வரமாட்டேன்.

உபாகமம் 33:12-ல் மோசே சொல்லும் ஆசீர்வாதம் முற்றிலும் வேறு சாயல்: கர்த்தருக்குப் பிரியமானவன், அவரோடே சுகமாய்த் தங்குவான், அவர் தோள்களுக்கு நடுவே வாசம்பண்ணுவார். ஓநாயும் இதே ஆள்தான்.

'வலக்கையின் மகன்' கோத்திரத்தில் இடதுகைக்காரர்கள் எப்படி வந்தார்கள்?

இதைச் சொல்லும்போது வேதமே உள்ளுக்குள் சிரிக்கிற மாதிரி இருக்கும். நியாயாதிபதிகள் 3-ல் ஏகூத் அறிமுகமாகும்போது, 'பென்யமீனியன்' என்றும், 'வலக்கை கட்டுப்பட்டவன்' என்று பொருள்படும் எபிரேயத் தொடராலும் அடுத்தடுத்துச் சொல்கிறார்கள். இடதுகைப் பழக்கமுள்ளவன் என்று நாம் படிக்கிறோம். எபிரேயத்தில் கேட்டால் 'யாமீன்' இரண்டு தடவை காதில் விழும்.

அந்த இடதுகைதான் கதையின் சூட்சுமம். மோவாபின் ராஜா எக்லோனுக்கு இஸ்ரவேலர் பதினெட்டு வருஷம் அடங்கிக் கிடந்தார்கள். ஏகூத் கப்பம் கொண்டுபோகிறான். இருபுறமும் கருக்குள்ள ஒரு முழக் கத்தியைச் செய்து, உடைக்குள்ளே வலது தொடையில் கட்டிக்கொள்கிறான். வலக்கைக்காரன் கத்தியை இடது தொடையில்தான் கட்டுவான். காவலர் தேடினாலும் அங்கேதான் தேடியிருப்பார்கள். கப்பம் கொடுத்து முடிந்ததும், உமக்கு ஒரு ரகசியச் செய்தி உண்டு என்று சொல்லித் தனியாகப் போய், இடது கையை நீட்டி உருவிக் குத்துகிறான். ராஜா பருத்தவன், கத்தி பிடியோடு உள்ளே போய்க் கொழுப்பு மூடிக்கொள்கிறது. வெளியே வேலைக்காரர்களோ, ராஜா ஒதுங்கப் போயிருப்பார் என்று வெகுநேரம் காத்து நிற்கிறார்கள். அதற்குள் ஆள் தப்பிவிட்டான்.

20-ம் அதிகாரத்தில் இதே கோத்திரத்தில் 700 இடதுகைக் கவண்காரர்கள், மயிரிழைகூடத் தப்பாமல் கல்லெறிபவர்கள். தாவீதிடம் சிக்லாகில் வந்து சேர்ந்த பென்யமீனியர் இரண்டு கையாலும் கவணும் வில்லும் பிடிப்பவர்கள் என்று 1 நாளாகமம் 12 சொல்கிறது. இத்தனை பேர் பிறவியிலேயே அப்படி இருக்க முடியாது. போருக்காகச் சின்ன வயதிலிருந்தே பழக்கியிருப்பார்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இடக்கை வீரனுக்கு எதிரே நிற்பவன் கேடயத்தைத் தப்பான பக்கத்தில் பிடித்திருப்பான் அல்லவா.

கிபியாவில் என்ன நடந்தது? இந்தக் கோத்திரம் அழிந்தேபோயிற்று என்பது உண்மையா?

கிட்டத்தட்ட. நியாயாதிபதிகள் 19 முதல் 21 வரை. சிறுபிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் பகுதி அல்ல.

ஒரு லேவியன் தன் மறுமனையாட்டியோடு பயணம் போகிறான். பொழுது சாய்கிறது. அந்நியர் ஊரான எபூசில், அதாவது பிற்கால எருசலேமில், தங்க வேண்டாம், நம்மவர் ஊருக்கே போவோம் என்று பென்யமீன் நாட்டுக் கிபியாவுக்கு வருகிறான். அந்த நம்மவர்தான் அன்றிரவு அந்தப் பெண்ணைச் சீரழித்துக் கொன்றார்கள். லேவியன் அவள் உடலைப் பன்னிரண்டு துண்டாக்கி இஸ்ரவேலின் எல்லை எங்கும் அனுப்புகிறான். குற்றவாளிகளை ஒப்படையுங்கள் என்று மற்றக் கோத்திரங்கள் கேட்கின்றன. பென்யமீன் மறுக்கிறது. தன் ஆட்கள் என்ற ஒரே காரணத்துக்காக அக்கிரமத்துக்குத் துணை நின்றார்கள். அழிவு அங்கேதான் ஆரம்பம் என்பேன்.

போரில் முதல் இரண்டு நாளும் பென்யமீன் ஜெயித்தது. இஸ்ரவேலில் 22,000 பேரும் பிறகு 18,000 பேரும் விழுந்தார்கள். மூன்றாம் முறை பதிவிருப்பு வைத்து மடக்கினார்கள். முடிவில் ரிம்மோன் கன்மலையில் ஒளிந்த 600 ஆண்கள் மட்டும் மிச்சம். பெண்களும் பிள்ளைகளும் இல்லை.

அப்புறம்தான் மற்றவர்களுக்குப் புத்தி வந்தது: ஒரு கோத்திரமே அறுந்துபோகிறதே! ஆனால் எங்கள் பெண்ணைக் கொடுக்கமாட்டோம் என்று ஏற்கெனவே ஆணையிட்டுவிட்டார்கள். ஆணையைச் சுற்றிப் போக ஒரு வழி: கூட்டத்துக்கு வராத யாபேஸ் கிலேயாத் ஊரை அழித்து, அங்கேயிருந்த 400 கன்னிப்பெண்களைக் கொண்டுவந்தார்கள். இன்னும் 200 குறைவு. சீலோவின் திருவிழாவில் நடனமாட வரும் பெண்களைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றார்கள். ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்கு நியாயம் கேட்கப் போனவர்கள், நூற்றுக்கணக்கான பெண்களுக்குக் கொடுமை செய்து கதையை முடித்தார்கள். புத்தகத்தின் கடைசி வசனம் இதை மெச்சவில்லை. ராஜா இல்லாத காலம், அவனவன் தன் பார்வைக்குச் சரியென்று பட்டதைச் செய்தான் என்று மட்டும் சொல்கிறது. பெனொனி என்ற பெயரை நான் மறுபடி கேட்பது இந்த மூன்று அதிகாரங்களில்.

முதல் ராஜா ஏன் இந்தக் கோத்திரத்திலிருந்து வந்தார்?

முதல் ராஜாவான சவுலே தீர்க்கதரிசி சாமுவேலிடம் கேட்ட கேள்வி இது. இஸ்ரவேலில் மிகச் சிறிய கோத்திரத்தான் நான், என்னிடம் ஏன் இப்படிப் பேசுகிறீர் என்கிறான். பணிவு மட்டுமல்ல, கணக்கும்தான். 600 பேரிலிருந்து மறுபடி எழுந்த கோத்திரம். அரசியலாகவும் அர்த்தம் உண்டு: வடக்கே எப்பிராயீம், தெற்கே யூதா என இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் உள்ள சின்னவரிடமிருந்து ஒருவரை எடுத்தால் இரண்டு பக்கமும் பொறுத்துக்கொள்ளும்.

சவுலின் ஊர் அதே கிபியா. அவர் நடத்திய முதல் போர் எந்த ஊரைக் காப்பாற்ற? அதே யாபேஸ் கிலேயாத். அம்மோனியன் நாகாஸ் அந்த ஊராரின் வலது கண்ணைப் பிடுங்குவேன் என்று மிரட்டினான். சவுல் ஏர்மாடுகளைத் துண்டித்து நாடெங்கும் அனுப்பி ஆள் திரட்டினார். முன்பு ஒரு பெண்ணின் உடல் துண்டு துண்டாகப் போன அதே விதத்தில். அந்த 400 பெண்களில் ஒருத்தி சவுலின் முன்னோராக இருந்திருக்கலாம் என்று பலர் ஊகிக்கிறார்கள். வசனம் சொல்லவில்லை, ஆனால் ஊகிக்க இடம் இருக்கிறது. கில்போவா மலையில் சவுல் விழுந்தபின் பெலிஸ்தர் உடலைப் பெத்சானின் மதிலில் மாட்டினார்கள். இரவெல்லாம் நடந்து போய் அதை இறக்கி, எலும்புகளை அடக்கம்பண்ணி, ஏழு நாள் உபவாசம் இருந்தவர்கள் யாபேஸ் ஊரார். கடன் தீர்த்தார்கள்.

தாவீதோடு பென்யமீனுக்கு ஏன் ஒத்துப்போகவில்லை?

சவுல் வீட்டிலிருந்து தாவீதுக்கு ராஜ்யம் கைமாறிய கசப்பு. கிபியோன் குளத்தருகே சவுல் வீட்டு அப்னேரின் ஆட்கள் பன்னிரண்டு பேரும் தாவீதின் ஆட்கள் பன்னிரண்டு பேரும் எதிரெதிரே நின்று, ஒருவர் தலையை ஒருவர் பிடித்து விலாவில் குத்தி, எல்லாரும் ஒன்றாக விழுந்தார்கள். தன் மகன் அப்சலோமுக்குப் பயந்து தாவீது ஓடும்போது கல்லெறிந்து தூஷித்த சீமேயி பென்யமீனியன். தாவீதிடத்தில் நமக்குப் பங்கில்லை என்று எக்காளம் ஊதிய சேபாவும் பென்யமீனியன்.

எருசலேம் யாருக்குச் சொந்தம், யூதாவுக்கா பென்யமீனுக்கா?

பங்கீட்டின்படி பென்யமீனுக்கு. யோசுவா 18:28-ல் அது பென்யமீன் பட்டணங்களின் பட்டியலில் இருக்கிறது. எல்லை நகரத்துக்குத் தெற்கே இன்னோம் பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது. ஆனால் எபூசியரைத் துரத்த யூதாவாலும் முடியவில்லை, பென்யமீனாலும் முடியவில்லை. கடைசியில் பிடித்தது தாவீது. அதனால் நகரம் தாவீதின் நகரமாயிற்று. யூதரின் பழைய மரபு நூலான தல்மூத் இதை ஒரு மாதிரி சமரசம் பண்ணுகிறது: ஆலயம் நின்ற இடம் பென்யமீனுடையது, யூதாவின் பங்கிலிருந்து ஒரு துண்டு நிலம் உள்ளே நீண்டிருந்தது என்கிறது. மோசே சொன்ன 'தோள்களுக்கு நடுவே வாசம்' என்பதையும் ஆலயத்தோடு சேர்த்துப் படிப்பது யூத மரபு.

நகர வாசல்களில் ஒன்றுக்குப் 'பென்யமீன் வாசல்' என்று பெயர். தீர்க்கதரிசி எரேமியா பென்யமீன் நாட்டுக்குப் போகப் புறப்பட்டபோது, எதிரியிடம் ஓடுகிறான் என்று பிடிபட்டது அங்கேதான்.

அந்த நிலப்பகுதி இன்று எங்கே இருக்கிறது?

எருசலேமுக்கு வடக்கே, மேற்குக் கரையில். கிழக்கே எரிகோ கடல்மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே. பெத்தேல் பக்கத்து மலைமுகடு கடல்மட்டத்துக்கு 850 மீட்டருக்கும் மேலே. ஒரு நாள் நடைக்குள் அவ்வளவு ஏற்றம். வடக்கு-தெற்கு மலைப்பாதை, கடற்கரையிலிருந்து வரும் கிழக்கு-மேற்குப் பாதை இரண்டும் இந்தச் சின்ன நிலத்தில்தான் வெட்டிக்கொள்கின்றன. படை எங்கிருந்து வந்தாலும் இங்கே மிதித்துத்தான் போகவேண்டும்.

பழைய பெயர்கள் அரபு ஊர்ப்பெயர்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: ஆனதோத் – அனாதா, ராமா – அர்-ராம், மிக்மாஸ் – முக்மாஸ், கிபியோன் – அல்-ஜீப். அல்-ஜீபில் ஜேம்ஸ் பிரிட்சர்ட் 1956 முதல் அகழாய்வு செய்தபோது, 'கிபியோன்' என்று எபிரேய எழுத்தில் கீறிய ஜாடிக் கைப்பிடிகள் கிடைத்தன. ஊர் இன்னதென்ற சந்தேகம் தீர்ந்தது. பாறையில் வட்டமாக வெட்டிய பெரிய குழியும், சுவரை ஒட்டிச் சுற்றி இறங்கும் 79 படிகளும் அங்கே உண்டு. அப்னேரின் ஆட்கள் விழுந்த குளம் அதுவாக இருக்கலாம். கிபியா என்று பலரும் ஏற்கும் தெல் எல்-ஃபூல் மேட்டில் இன்று நிற்பது யோர்தான் மன்னர் ஹுசைன் கட்டத் தொடங்கி, 1967 போரால் பாதியில் நின்ற மாளிகையின் கூடு.

பென்யமீன் 'காணாமல்போன பத்துக் கோத்திரங்களில்' ஒன்றா?

இல்லை. சாலொமோனுக்குப் பின், கி.மு. 930 வாக்கில் ராஜ்யம் பிளந்தபோது பென்யமீன் அவர் மகன் ரெகொபெயாமோடு, அதாவது யூதாவோடு நின்றது. கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் விழுந்தது வடக்கு ராஜ்யம்.

ஆனால் எல்லை அவ்வளவு ஒழுங்காக இருக்கவில்லை. பெத்தேல் பங்கீட்டின்படி பென்யமீனுடையது. வடக்கின் முதல் ராஜா யெரொபெயாம் பொன் கன்றுக்குட்டி வைத்ததோ அங்கேதான். வடக்கு ராஜா பாஷா ராமாவைப் பலப்படுத்தக் கற்களைக் குவித்தான். தெற்கு ராஜா ஆசா அந்தக் கற்களையே எடுத்துவந்து கேபாவையும் மிஸ்பாவையும் கட்டினான். எருசலேம் கி.மு. 586 வாக்கில் எரிந்தபின் பாபிலோனியர் வைத்த அதிபதி கெதலியா உட்கார்ந்தது பென்யமீன் நாட்டு மிஸ்பாவில். எஸ்றா 1-ல் திரும்பிவரப் புறப்பட்டவர்கள் யூதா, பென்யமீன் வம்சத்தலைவர்கள், கூடவே லேவியர்.

எரேமியா பென்யமீனியரா?

ஊர் பென்யமீனில், கோத்திரம் லேவி. ஆனதோத் ஆசாரியர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். எருசலேம் முற்றுகையில் இருக்கும்போது, அந்த ஊர் நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு எடை போட்டுக் கொடுத்து, பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினார். 'ராமாவிலே அழுகை, ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள்' என்று எழுதியதும் அவரே. ராமா அவர் ஊருக்குப் பக்கத்து ஊர். மத்தேயு பெத்லெகேம் குழந்தைகளின் படுகொலையில் இந்த வரியை எடுத்துவைக்கிறார்.

மொர்தெகாய், எஸ்தர்?

எஸ்தர் 2:5-ல் மொர்தெகாய் பென்யமீனியன். அவர் வம்ச வரிசையில் கீஸ் என்ற பெயர் வருகிறது, சவுலின் தகப்பன் பெயரும் கீஸ். எதிரி ஆமான் 'ஆகாகியன்'. அமலேக்கின் ராஜா ஆகாகை உயிரோடு விட்டு, கொள்ளையின் மேல் பாய்ந்ததால்தான் சவுல் தள்ளப்பட்டார். எஸ்தர் 9-ல் யூதர் கொள்ளையில் கைபோடவில்லை என்று மூன்று முறை எழுதியிருப்பது ஏன் என்று இப்போது விளங்கும்.

பவுலுக்கும் இந்தக் கோத்திரத்துக்கும் என்ன தொடர்பு?

ரோமர் 11:1-லும் பிலிப்பியர் 3:5-லும் தான் பென்யமீன் கோத்திரத்தான் என்று அவரே சொல்கிறார். முதல் பெயர் சவுல். அந்தக் கோத்திரத்தின் ராஜா பெயர். பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் பேசும்போது, கீசின் மகன் சவுல், பென்யமீன் கோத்திரத்தான் என்று ராஜாவை நினைவூட்டுகிறார். தன் பெயரும் அதுதான் என்று மட்டும் சொல்லவில்லை.

மாரிக் களிமண் பலகைகளில் பென்யமீனியர் வருகிறார்களாமே?

சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் உள்ள மாரியில் 1933-ல் அகழாய்வு தொடங்கியது. அங்கே கிடைத்த கி.மு. 18-ம் நூற்றாண்டுப் பலகைகளில் 'வலப்பக்கத்தார்', அதாவது தெற்கத்தியார், என்று பொருள்படும் ஒரு மேய்ச்சல் குடிகளின் பெயர் வருகிறது. கூடவே 'இடப்பக்கத்தார்' என்ற வடக்கத்தியாரும் உண்டு. இவர்களே வேதத்துப் பென்யமீனியர் என்று சிலர் ஆரம்பத்தில் உற்சாகப்பட்டார்கள். திசையை வைத்து மக்களுக்குப் பெயரிடும் பழக்கம் ஒன்றாக இருந்தது என்பதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை.

பெஞ்சமின், பென்யமின், பென்யமீன் மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றுதான். எபிரேயத்தில் 'பின்யாமீன்'. பென்யமீன், பென்யமின் இரண்டும் அதற்கு நெருக்கம். பெஞ்சமின் ஆங்கிலம் வழியாக வந்த உச்சரிப்பு. நம் ஊர்ச் சபைப் பதிவேடுகளில் எல்லா எழுத்தும் கலந்தே கிடக்கும். அப்பா பென்யமீன், சான்றிதழில் பெஞ்சமின் என்பது சாதாரணம். வேதத்திலேயே இந்தப் பெயரில் வேறு சிலர் உண்டு. எருசலேம் அலங்கத்தைத் தன் வீட்டுக்கு எதிரே பழுதுபார்த்த ஒரு பென்யமீனை நெகேமியா 3:23-ல் பார்க்கலாம்.

எந்த வரிசையில் படித்தால் நன்றாகப் புரியும்?

ஆதியாகமம் 35, பிறகு 42 முதல் 45 வரை, 49-ன் கடைசி. அங்கிருந்து நியாயாதிபதிகள் 3, அப்புறம் 19 முதல் 21 வரை. உடனே, வேறெதற்கும் போகாமல், 1 சாமுவேல் 9 முதல் 11 வரை படியுங்கள். கிபியா, யாபேஸ் என்ற பெயர்கள் அடுத்தடுத்து வரும்போது கதை தானாகக் கோத்துக்கொள்ளும். 15-ம் 31-ம் அதிகாரங்களையும் முடித்துவிட்டு எஸ்தருக்குப் போகலாம். எண்ணாகமத்துக் கணக்குகள், கானான் பங்கீட்டு எல்லைகள் எல்லாம் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். யோசுவா 18-ஐ மட்டும் ஒரு வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துப் படியுங்கள், இல்லாவிட்டால் வெறும் ஊர்ப்பட்டியலாகத்தான் இருக்கும்.